ரசப்பொடிக் கம்பெனிக்கு லினக்ஸ் வந்த கதை

வட்டக்குளம் என்ற ஊரை வரைபடத்தில் தேட வேண்டாம். வரைபடம் வரையும் அதிகாரி வந்த அன்று, அவரை வரவேற்க ஊரே திரண்டு மெயின் ரோட்டுக்குப் போய்விட்டது. அவரோ குளத்தங்கரைக் குறுக்குப் பாதையாக வந்தார். ஊருக்குள் ஒரு ஆளையும் காணோம். "குடியிருப்பு இல்லை" என்று எழுதிக்கொண்டு வந்த வழியே போய்விட்டார். மெயின் ரோட்டில் ஊரார் மாலையோடு மூன்று நாள் நின்றார்கள்.

அந்த ஊரில் ஒரு கம்பெனி உண்டு. ஆவுடையப்பன் ரசப்பொடி. முதலாளி ஆவுடையப்பன் அண்ணாச்சியையும் சேர்த்து மொத்தம் நாலு பேர். வறுப்பது இசக்கியம்மாள். பொட்டலம் மடிப்பது கொம்பையா. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது மந்திரமூர்த்தி.

மந்திரமூர்த்திக்கு அந்த வேலை சும்மா கிடைத்துவிடவில்லை. ஒரு தடவை திருநெல்வேலியிலிருந்து வரும் பஸ்ஸில், கம்ப்யூட்டர் இருந்த அட்டைப்பெட்டி ஒன்றை ஒரு மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார். ஊரில் வேறு யாருக்கும் அத்தனை அனுபவம் கிடையாது.

கம்பெனிக் கம்ப்யூட்டரில் இரண்டே விஷயங்கள் இருந்தன. ஒன்று, பொட்டலத்தில் ஒட்டும் லேபிள். இன்னொன்று, ரசப்பொடிக்கு என்னென்ன எவ்வளவு போட வேண்டும் என்ற ரகசியப் பட்டியல். ஆனால் கம்ப்யூட்டர் கிழடாகிவிட்டது. லேபிள் அடித்துக்கொண்டிருக்கும்போதே பாதியில் நின்றுவிடும். போன மாதம் நாற்பது பொட்டலங்கள் "ஆவுடையப்பன் ரசப்பொ" என்ற பெயரோடு வெளியே போயின.

அந்தச் சமயம் பார்த்துத்தான் நாகர்கோவிலிலிருந்து போன் வந்தது. மாணவர் விடுதிகளுக்குச் சாமான் வாங்கும் ஞானசௌந்தரி அம்மாள் பேசினார். ஐந்நூறு பொட்டலம் வேண்டும். அடுத்த வாரத்துக்கு அடுத்த வாரம், வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வந்து பார்ப்பார். ஐந்நூறும் ஒரே ருசியாக இருக்க வேண்டும். லேபிளில் இருப்பதுதான் உள்ளே இருக்க வேண்டும், உள்ளே இருப்பதுதான் லேபிளில் இருக்க வேண்டும். ஒரு பொட்டலம் தப்பினாலும் மொத்தமும் வேண்டாம்.

போனை எடுத்தது மந்திரமூர்த்தி. "அப்பிடியே இருக்கும்மா. இது என் வாக்கு" என்று சொல்லிவிட்டார்.

ஆவுடையப்பன் அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மந்திரம், இந்த ஆர்டர் கெடச்சா கம்பெனி நிக்கும். கெடைக்கலன்னா பூட்டிட்டு நான் மக வீட்டுக்குத் திருப்பூருக்குப் போயிருவேன். வாக்கு குடுத்தது நீரு. காப்பாத்தும்."

அன்றிலிருந்து மந்திரமூர்த்திக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கட்கிழமை பாளையங்கோட்டையிலிருந்து எஸ்தர் வந்தாள். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதில் கெட்டிக்காரி, பொறுமைசாலி. பெட்டியைத் திறந்து பார்த்தாள், தூசியை ஊதினாள், தும்மினாள்.

"அண்ணாச்சி, மெஷின் நல்லாத்தான் இருக்கு. உள்ள ஓடுற சிஸ்டம்தான் ரொம்பப் பழசு. லினக்ஸ்னு ஒண்ணு இருக்கு. அதைப் போட்டுட்டா ஓடும். விலை கிடையாது. தமிழ்லயே இருக்கும்."

"வெல கெடையாதா?" என்றார் அண்ணாச்சி சந்தேகமாக. "அதுக்கு ஏதும் ஒடம்புக்குச் சரியில்லையா?"

எஸ்தர் சிரித்தாள். பழைய கம்ப்யூட்டரில் இருந்த இரண்டு விஷயங்களையும் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து மந்திரமூர்த்தியிடம் கொடுத்தாள். "இதை வேற இடத்துல பத்திரமா வையுங்க. கடையே தீப்பிடிச்சாலும் இதுக்கு ஒண்ணும் ஆகக்கூடாது." பிறகு இன்னொரு பென்டிரைவைக் கம்ப்யூட்டரில் செருகினாள். "இப்போ லினக்ஸை உள்ள போடல. சும்மா ஓட்டிக் காட்டுது. நாலு பேரும் உக்காந்து பாருங்க. பிடிச்சிருந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க. வந்து போட்டுத் தாரேன்."

சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

முதலில் பென்டிரைவைப் பற்றிக் கூடிப் பேசினார்கள்.

"என் வீட்டு பீரோவுல வைக்கட்டுமா?" என்றார் மந்திரமூர்த்தி.

"உம்ம வீடு ஓலை வே. தீப்பிடிச்சா?" என்றார் கொம்பையா.

"அண்ணாச்சி வீட்டு இரும்புப் பெட்டி?"

"இரும்பு சூடேறும்லா" என்றாள் இசக்கியம்மாள். முப்பது வருஷமாக வாணலியோடு பழகியவள். இரும்பைப் பற்றி அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அண்ணாச்சி கண்ணை மூடி யோசித்தார். "தீயே பிடிக்காத எடம் இந்த ஊர்ல எது?"

எல்லோரும் ஒரே நேரத்தில் கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே கிணறு இருந்தது.

மிதந்துவிடாமல் இருக்க ஒரு அரைச்செங்கல்லையும் சேர்த்துக் கயிற்றில் கட்டி, கொம்பையா தம் கையால் பென்டிரைவை இறக்கினார். "இனி ஊரே எரிஞ்சாலும் கவலையில்ல" என்று கையைத் தட்டிக்கொண்டார். பல நாளைக்குப் பிறகு மந்திரமூர்த்தி அன்று நிம்மதியாக ஒரு டீ குடித்தார்.

அடுத்து, லினக்ஸைப் பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இசக்கியம்மாள் வீட்டுக்குப் போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். அண்ணாச்சி அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டார். நாலு நாற்காலிகளைத் திரைக்கு முன்னால் வரிசையாகப் போட்டார்கள்.

"இது பொண்ணு பாக்கிறதா, மாப்பிள்ளை பாக்கிறதா?" என்று கொம்பையா மெதுவாகக் கேட்டார்.

"நம்ம எடத்துக்கு வந்து நம்மளோடயே தங்கப் போவுது" என்றார் அண்ணாச்சி. "அப்போ வீட்டோட மாப்பிள்ளை."

அது நியாயமாக இருந்தது. திரையில் நீல நிறத்தில் ஒரு மலைப் படம் தெரிந்தது. ஓரத்தில் "வணக்கம்" என்று எழுதியிருந்தது.

"மரியாதை தெரிஞ்ச பையன்" என்றாள் இசக்கியம்மாள்.

"மலை பின்னால இருக்கு. நெலபுலம் உள்ள குடும்பமாத்தான் இருக்கும்" என்றார் கொம்பையா.

"பொகைக்கிற பழக்கம் உண்டா, பாரும் மந்திரம்."

மந்திரமூர்த்தி பெட்டியின் பின்பக்கம் குனிந்து மோந்து பார்த்தார். "இல்ல அண்ணாச்சி. பழைய சிஸ்டத்துக்குத்தான் அந்தப் பழக்கம் இருந்தது."

"ஒரு பாட்டுப் பாடச் சொல்லும்."

மந்திரமூர்த்தி ஒரு விசையை அழுத்தினார். "டிங்" என்றது. நாலு பேரும் தலையாட்டினார்கள். குரல் சன்னமாக இருந்தாலும் சுருதி நின்றது.

அப்போது திரையின் நடுவில் ஒரு கேள்வி வந்தது: "நிறுவ விரும்புகிறீர்களா? ஆம். இல்லை."

மந்திரமூர்த்தியின் விரல் தானாக "ஆம்" பக்கம் போனது. வெள்ளிக்கிழமை அவர் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி அந்த விரலைப் பிடித்து நிறுத்தினார்.

"என்ன வே இது, மொகத்துக்கு நேரா? வந்த எடத்துல உடனே சரின்னு சொன்னா நம்மள என்ன நெனைக்கும்? வீட்டுக்குப் போயிக் கலந்து பேசிட்டுக் கடுதாசி போடுதோம்னு சொல்லும்."

மந்திரமூர்த்தி திரையைப் பார்த்துக் கைகூப்பிச் சொன்னார். எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். கலந்து பேசினார்கள். செவ்வாய்க்கிழமை ஓர் அஞ்சலட்டையில், நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, "எங்களுக்குப் பரிபூரண சம்மதம்" என்று எழுதி, "லினக்ஸ் அவர்கள், மே/பா ஆவுடையப்பன் ரசப்பொடிக் கம்பெனி, வட்டக்குளம்" என்று முகவரி போட்டுத் தபால்பெட்டியில் சேர்த்தார்கள்.

தபாலாபீஸ் கம்பெனிக்கு எதிர் வாசல். ஆனால் அட்டை திருநெல்வேலி போய் முத்திரை வாங்கிக்கொண்டுதான் திரும்பி வரும். மூன்று நாள் நாலு பேரும் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை தபால்காரர் ராமையா வந்து, "லினக்ஸ் ஆருய்யா? கையெழுத்துப் போடணுமோ?" என்று கேட்டார்.

மந்திரமூர்த்தி அட்டையை வாங்கித் திரைக்கு முன்னால் பிடித்து, நிறுத்தி நிதானமாக வாசித்தார். திரை ஒன்றும் சொல்லவில்லை.

"வெக்கப்படுது" என்றாள் இசக்கியம்மாள்.

இவர்களிடமிருந்து ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்துப் பார்த்து எஸ்தரே அன்று மதியம் வந்துவிட்டாள். நடந்ததைக் கேட்டாள்.  பிறகு உட்கார்ந்து, பழையதை அழித்து, நாற்பது நிமிஷத்தில் லினக்ஸைப் போட்டு முடித்தாள்.

"சரி, இப்போ அந்தப் பென்டிரைவைக் குடுங்க. லேபிளையும் பட்டியலையும் உள்ள ஏத்திருவோம்."

நாலு பேரும் பெருமையாக அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

"எட்டிப் பாரு தாயி" என்றார் கொம்பையா. "வச்ச நாள்லருந்து ஒரு பொறிகூடப் படல."

கயிற்றை இழுத்தார்கள். கல் வந்தது. கல்லை மட்டும் கயிறு விசுவாசமாகப் பிடித்திருந்தது. இந்த ஊரில் யாரையும் திட்டுவதில் பயனில்லை என்று எஸ்தருக்குப் புரிந்துவிட்டது. உள்ளே போய் லேபிளைப் புதிதாகத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள்.

"பெயர் போட்டாச்சு. உள்ள என்னென்ன இருக்குன்னு போடணும். பட்டியல் சொல்லுங்க."

அண்ணாச்சி மந்திரமூர்த்தியைப் பார்த்தார். மந்திரமூர்த்தி கொம்பையாவைப் பார்த்தார். கொம்பையா கிணற்றைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியும்" என்றாள் இசக்கியம்மாள். "ஆனா கைக்குத்தான் தெரியும். வாய்க்குத் தெரியாது."

அதனால் அவள் வெறும் வாணலியை அடுப்பில் ஏற்றி, டப்பாக்களின் பக்கம் கையை நீட்டி நீட்டி வறுத்துக் காட்டினாள். கை போன டப்பாவையும் அள்ளிய அளவையும் மந்திரமூர்த்தி பார்த்துச் சொல்ல, எஸ்தர் எழுதினாள். மல்லி, மிளகாய் வற்றல், மிளகு, சீரகம், துவரம் பருப்பு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை, பெருங்காயம். ஒன்பது சாமான். வெறும் வாணலியிலும் அவள் கருகாமல் கிளறியதை எல்லோரும் மெச்சினார்கள்.

"கடைசியா ஒரு பாஸ்வேர்டு வையுங்க" என்றாள் எஸ்தர். "யாருக்கும் தெரியக்கூடாது. சொல்லவும் கூடாது, எழுதியும் வைக்கக்கூடாது." அவளுக்கு ஒரு போன் வந்தது. பேசிக்கொண்டே வாசலுக்குப் போனாள்.

"மந்திரம், நீரே வையும்" என்றாள் இசக்கியம்மாள்.

"அது எப்பிடி?" என்றார் கொம்பையா. "யாருக்கும் தெரியக்கூடாதுன்னுல்லா சொல்லுது. மந்திரத்துக்குத் தெரிஞ்சா ஒரு ஆளுக்குத் தெரிஞ்ச மாதிரிதானே?"

மந்திரமூர்த்தி நெஞ்சில் கை வைத்து யோசித்தார். தாமும் ஒரு ஆள்தான் என்பதை அவரால் மறுக்க முடியவில்லை.

கடைசியில் நாலு பேரும் ஆளுக்குக் கால் பங்கு வைப்பதென்று முடிவாயிற்று. ஒருவர் தட்டும்போது மற்ற மூவரும் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்க வேண்டும். அப்போது முழுதாக யாருக்கும் தெரியாது. கொம்பையா இன்னும் ஒரு படி மேலே போனார். தம் பங்கு தமக்கே தெரிந்துவிடக் கூடாது என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தட்டினார்.

"அப்புறம் திரும்ப எப்பிடி வே தட்டுவீரு?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"பொட்டலம் மடிக்கிற கை அண்ணாச்சி. கண்ணை மூடிக்கிட்டு நீட்டினா போன எடத்துக்கே போவும்."

தட்டிப் பார்த்தார்கள். போயிற்று.

எஸ்தர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அண்ணாச்சிக்கு மனசு கேட்கவில்லை. "தாயி, இவ்வளவு பெரிய சாமானைச் சும்மா குடுத்திருக்காங்களே. யாருக்கு நன்றி சொல்லணும்?"

எஸ்தர் வாசல் படியில் நின்று பொறுமையாகவே சொன்னாள். "இது யாரோ ஒருத்தர் செஞ்சது இல்ல அண்ணாச்சி. ஊர் உலகத்துல ஆயிரம் பேர் சேர்ந்து செஞ்சது. உள்ள என்ன இருக்குன்னு யாரும் பாக்கலாம். யாரும் மாத்தலாம். மாத்தினா என்ன மாத்தினோம்னு சொல்லிரணும். அவ்வளவுதான் நிபந்தனை. எல்லாருக்கும் பொது." பஸ் ஹாரன் கேட்டது. "நீங்களும் உங்களால ஆனதை நாலு பேருக்குப் பொதுவா வையுங்க. அதுதான் நன்றி." ஓடிவிட்டாள்.

அன்று சாயங்காலம் கம்பெனியில் எல்லோரும் அதே யோசனையில் இருந்தார்கள். அண்ணாச்சி குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"நம்மகிட்ட பொதுவா வைக்க என்ன வே இருக்கு?"

"அடுப்பு இருக்கு" என்றார் கொம்பையா.

"அதை வச்சா எதுல வறுப்பேன்?" என்றாள் இசக்கியம்மாள்.

"ரசப்பொடிப் பட்டியல் இருக்கு" என்றார் மந்திரமூர்த்தி. சொன்ன பிறகு, ஏன் சொன்னோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை. ஐந்நூறு பொட்டலம். ஒரே ருசி.

"அதேதான்!" என்றார் அண்ணாச்சி. "ஆயிரம் பேர் நமக்காக ஒழைச்சிருக்கான். பட்டியலை மூடி வச்சா நாம மனுசங்களா? மறுபடி கெணத்துக்குள்ள போனாலும் போயிரும். வாசல்ல எழுதிப் போடும்."

சனிக்கிழமை காலை கம்பெனி வாசலில் ஒரு கரும்பலகை நின்றது. ஒன்பது சாமானும் அளவோடு எழுதியிருந்தது. கீழே: "யாரும் பார்க்கலாம். யாரும் மாற்றலாம். மாற்றியவர் உள்ளே வந்து சொல்லிவிட்டுப் போகவும்." பக்கத்தில் ஒரு சாக்பீஸ் கயிற்றில் தொங்கியது.

வட்டக்குளத்தில் ரசத்தைப் பற்றி அபிப்பிராயம் இல்லாத ஆள் கிடையாது.

முதலில் வந்தவர் பஸ் கண்டக்டர். "சுக்கு சேத்திருக்கேன்" என்று உள்ளே சொல்லிவிட்டுப் போனார். பிறகு ஒருத்தி வந்து ஓமம் சேர்த்தாள். ஒருவர் கொள்ளு சேர்த்தார். தமிழ் வாத்தியார் வந்து "அன்பு, தேவையான அளவு" என்று அழகான கையெழுத்தில் எழுதினார்.

"இதை வறுக்கணுமா, பச்சையாப் போடணுமா?" என்று இசக்கியம்மாள் மந்திரமூர்த்தியிடம் கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை. கொம்பையா இளஞ்சூட்டில் வறுக்கலாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் பட்டியலில் முப்பத்தொரு சாமான். மந்திரமூர்த்தி ஒவ்வொன்றையும் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டியிருந்தது. ஆனால் ஐந்து நிமிஷம் தொடாமல் விட்டால் லினக்ஸ் பூட்டிக்கொள்ளும். உடனே அவர் மணியடிப்பார். அண்ணாச்சி ஓடி வருவார். கொம்பையா கண்ணை மூடிக்கொண்டே ஓடி வருவார். இசக்கியம்மாள் வறுபடும் மிளகாயை அப்படியே விட்டுவிட்டு வருவாள். தட்டி முடித்துத் திரும்பிப் போனால் மிளகாய் கரியாகியிருக்கும்.

"அடுப்புக்கும் கம்ப்யூட்டருக்கும் தூரம் ஜாஸ்தி" என்று கண்டுபிடித்தார் அண்ணாச்சி. அதனால் அடுப்பைத் தூக்கிக் கம்ப்யூட்டர் மேஜைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். இப்போது மிளகாய் கருகினால் நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. தும்மித் தும்மிப் பாஸ்வேர்டைத் தட்டினார்கள். அப்படியும் லினக்ஸ் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

திங்கட்கிழமை காற்று திசை மாறியது.

காலையில் கம்பவுண்டர் வந்தார். பலகையைப் பார்த்துத் திடுக்கிட்டார். "மிளகாயா? ஊர்ல பாதிப் பேருக்கு வயித்துப் புண்ணு!" அழித்துவிட்டு, உள்ளே வந்து முறையாகச் சொல்லிவிட்டுப் போனார். டெய்லர் மனைவி வந்து வெந்தயத்தை அழித்தாள். அவள் வீட்டுக்காரருக்குக் கசப்பு ஆகாது. கண்டக்டரின் மாமியார் சுக்கை அழித்தாள். மருமகன் சேர்த்தது என்பதே காரணம். வாயு என்று பருப்பு போயிற்று. சூடு என்று மிளகு போயிற்று. பெருங்காயத்தை ஒருவர் வாசனைக்காக அழித்தார், இன்னொருவர் அது ஏற்கெனவே அழிந்திருப்பதைப் பார்த்துத் திருப்தியாகத் திரும்பினார். தமிழ் வாத்தியாருக்கும் அவர் மனைவிக்கும் ஏதோ மனத்தாங்கல். அந்த அம்மாள் வந்து அன்பை அழித்துவிட்டுப் போனாள்.

புதன்கிழமை மூன்று சாமான் மிச்சம். வியாழக்கிழமை காலை ஒன்றே ஒன்று: மல்லி.

மதியம் தபால்காரர் ராமையா வந்தார். பலகையை வெகு நேரம் பார்த்தார். "மல்லி வாசம் பட்டாலே எங்க வீட்டுல தலைவலி" என்று சொல்லி, மல்லியையும் அழித்தார். "சொல்லியாச்சு" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

நாலு பேரும் வாசலுக்கு வந்து பலகையைப் பார்த்தார்கள். சுத்தமாக இருந்தது.

மந்திரமூர்த்தி அண்ணாச்சியின் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, நாளைக்குப் பத்து மணிக்கு அந்தம்மா வாராங்க."

"வரட்டும்."

"பட்டியல்ல ஒண்ணுமே இல்லையே."

அண்ணாச்சி அவர் தோளில் கை போட்டார். "மந்திரம், நல்லா யோசியும். ஊர்ல எல்லாரும் ஒத்துக்கிட்ட ரசப்பொடி இதுவரைக்கும் உலகத்துல உண்டா?"

"இல்ல."

"இப்போ உண்டு. இதுல எவன் குத்தம் சொல்லுவான்?"

மந்திரமூர்த்தி பலகையை மறுபடியும் பார்த்தார். குற்றம் சொல்ல ஒன்றுமே தென்படவில்லை. அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

இசக்கியம்மாள் அடுப்பைப் பற்றவைத்தாள். வெறும் வாணலியை ஏற்றி, புதுப் பட்டியலில் உள்ளபடி நிதானமாக வறுத்தாள். "இதுல பதம் பாக்கிறதுதான் கஷ்டம்" என்றாள். ஆறவைத்தாள். மூன்று தடவை சலித்தாள். கொம்பையா ஒவ்வொரு பொட்டலத்தையும் காற்றுப் புகாமல் மடித்துத் தராசில் வைத்தார்.

"மந்திரம், எடை பூச்சியம் காட்டுது. லேபிள்ல நூறு கிராம்னுல்லா இருக்கு?"

"இருக்கக்கூடாது!" என்று மந்திரமூர்த்தி பதறினார். "உள்ள இருக்கிறதுதான் லேபிள்ல இருக்கணும்னு அந்தம்மா சொல்லியிருக்காங்க. நான் வாக்கு குடுத்திருக்கேன்."

மணியடித்தார். நாலு பேரும் வந்து, மூன்று மூன்று பேராகச் சுவரைப் பார்த்துத் திரும்பி, பாஸ்வேர்டைத் தட்டினார்கள். மந்திரமூர்த்தி லேபிளைத் திருத்தினார். "ஆவுடையப்பன் ரசப்பொடி. உள்ளே இருப்பவை: எதுவுமில்லை. எடை: 0 கிராம்." அச்சடிக்கச் சொன்னார்.

அடித்தது. ஒன்று, பத்து, நூறு. நடுவில் நிற்கவில்லை, தயங்கவில்லை. ஐந்நூறாவது லேபிளிலும் "ரசப்பொடி" என்று முழுசாக இருந்தது. மந்திரமூர்த்தி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் ஒரு கம்ப்யூட்டர் அவரை இப்படி மதித்ததில்லை.

வெள்ளிக்கிழமை சரியாகப் பத்து மணிக்கு ஞானசௌந்தரி அம்மாள் ஜீப்பிலிருந்து இறங்கினார். கையில் ஒரு சோதனைப் படிவம், காதில் ஒரு பேனா. சிரிக்கும் வழக்கம் இல்லாதவர். படிவத்தில் உள்ளதைத் தவிர வேறு எதையும் பார்க்கும் வழக்கமும் இல்லாதவர்.

ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே பார்த்தார். 

"கல், மண் உள்ளதா?" என்று படிவத்தைப் பார்த்து வாசித்தார். மறுபடி பொட்டலத்தைப் பார்த்தார். "இல்லை." டிக் போட்டார்.

"பூச்சி? இல்லை. செயற்கை நிறம்? இல்லை. மரத்தூள் முதலிய கலப்படம்?" பொட்டலத்தைக் கவிழ்த்துத் தட்டினார். "அறவே இல்லை."

லேபிளை வாசித்தார். தராசில் வைத்தார். எடை சரியாக இருந்தது. லேபிளில் உள்ளதுதான் உள்ளே இருந்தது. "இருபத்திரண்டு வருஷம் சர்வீஸ்ல, ஒரு கிராம்கூட வித்தியாசம் இல்லாத லேபிளை இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார்.

அங்கொன்றும் இங்கொன்றுமாக இன்னும் பதினொரு பொட்டலங்களைப் பிரித்தார். ஒவ்வொன்றிலும் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். 

"ஒரே ருசி" என்றார். கடைசிக் கட்டத்தில் பேனா நின்றது. "காரம் ஜாஸ்தின்னு போன தடவை வேற கம்பெனிப் பொடிக்குப் புகார் வந்தது. இதுல அந்தக் குறையும் இல்ல." கையெழுத்துப் போட்டார். ஐந்நூறு பொட்டலத்தையும் கொம்பையா ஒற்றைக் கையால் தூக்கி ஜீப்பில் வைத்தார். அவ்வளவு பலம் தமக்கு உண்டென்று அவருக்கே அதுவரை தெரியாது.

எஸ்தர் போனில் கூப்பிட்டுக் கேட்டாள். "லினக்ஸ்ல ஏதாவது பிரச்சினை உண்டா?"

"ஒண்ணும் இல்ல தாயி" என்றார் மந்திரமூர்த்தி. அது உண்மைதான்.

ஒரு மாதம் கழித்து ராமையா ஒரு கடிதம் கொண்டுவந்தார். நாலு பேரும் கூடி நிற்க மந்திரமூர்த்தி வாசித்தார். விடுதிகளில் இப்போது ரசம் முன்னைவிட நன்றாக இருப்பதாகப் பிள்ளைகள் சொல்கிறார்களாம். சமையல்காரரும் தம் கைப்பக்குவம் இப்போதுதான் வெளியே தெரிவதாகச் சந்தோஷப்படுகிறாராம். அதனால் இனி மாதம் ஆயிரம் பொட்டலம் வேண்டுமாம்.

அண்ணாச்சி திருப்பூருக்குப் போகக் கட்டி வைத்திருந்த பெட்டியை அவிழ்த்தார். கொம்பையா மந்திரமூர்த்தியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இசக்கியம்மாள் மட்டும் மூலையில் உட்கார்ந்து தோளைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"ஏன் இசக்கி, ஒனக்குச் சந்தோசம் இல்லையா?" என்றார் அண்ணாச்சி.

"சந்தோசந்தான் அண்ணாச்சி. ஆனா ஐந்நூறுக்கே எனக்குக் கை விட்டுப் போச்சு. ஆயிரம்னா, வறுக்க இன்னொரு ஆள் போட்டுத்தான் ஆவணும்."